வெள்ளைச் சட்டைக்குள் நுழையும் வெயில்

கத்திரி வெயிலில் கிளம்புகிறவர்களின் கை தானாகப் போவது மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டைக்குத்தான். வெக்கைக்கு அது சரி. புற ஊதாக் கதிருக்கோ அது கிட்டத்தட்ட கொசுவலை.

துணியின் தடுப்புத் திறனை யு.பி.எஃப். என்ற எண்ணால் அளக்கிறார்கள். 1996-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதற்குத் தரம் வகுத்தன. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதக் கதிர்தான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு சுமார் 7 தேறும். ஜீன்ஸ் துணி 50-ஐ அலட்சியமாகத் தாண்டும்.

வித்தியாசம் முதலில் ஓட்டையில் இருக்கிறது. இழைகளுக்கு நடுவே உள்ள சந்தில் கதிர் நேராக இறங்கிவிடும். நூல் பருத்தியா பட்டா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. துணியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் வெயிலுக்கு ஆகாது. புதுப் பருத்தித் துணி சில சலவைகளில் சுருங்கி, சந்து குறைந்து, முன்னைவிட நன்றாகவே தடுக்கும். உடம்பைப் பிடிக்கும் பனியன் துணி நேர்மாறு: தோளிலும் முதுகிலும் இழுபட்டு, கண்ணிகள் வாயைத் திறந்துவிடும்.

அடுத்தது, இழை கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்பது. வெளுத்த பருத்தி அதிகம் விழுங்காது. வெளுக்காத காடாத் துணியில் இயற்கை நிறப்பொருள் மிச்சமிருப்பதால் அது மேல். பாலியஸ்டர் மூலக்கூறில் பென்சீன் வளையம் இருக்கிறது. தோலை எரிக்கும் குறுகிய அலைகளை அது நன்றாக உறிஞ்சும். அடர் சாயமும் அப்படியே. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள்கூடக் கொஞ்சம் உதவுகிறது: புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக உமிழ்வதுதான் அதன் வேலை. மேடையின் ஊதா விளக்கில் வெள்ளைச் சட்டை பளிச்சிடுவது அதனால்தான்.

வியர்வை இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஈர வேட்டியில் கால் தெரிவது ஏன்? உலர்ந்த துணியில் இழையும் காற்றும் மாறி மாறி இருந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைந்து ஒளி உள்ளே போகிறது. புற ஊதாவும் அதே வழியில் போகும். வெள்ளை டி-ஷர்ட்டின் 7, நனைந்ததும் 3 ஆகிவிடும்.

அடர் நிறம் சுடாதா? பாலைவனத்து நாடோடிகளான பெதுயின்கள் அணியும் கறுப்பு அங்கியை வைத்துச் செய்த சோதனை 1980-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்பு அங்கியின் வெளிப்புறம் வெள்ளையைவிடக் கூடுதலாகச் சுட்டது. உடம்புக்கு வந்த வெப்பமோ இரண்டிலும் ஒன்றே. துணிக்கும் தோலுக்கும் நடுவே ஓடும் காற்று அந்தக் கூடுதல் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகிறது. தொளதொளப்பு இருந்தால்தான் இது நடக்கும். ஒட்டிக்கொள்ளும் கறுப்புச் சட்டையில் சூடு நேரே தோலுக்குத்தான்.

ஆகவே கடையில் தேட வேண்டியது, நெருக்கமாக நெய்த, தொளதொளவென்ற, அடர் நிற முழுக்கைச் சட்டை. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்ததென்றால் வியர்வையும் சீக்கிரம் உலரும். பைக் ஓட்டுபவர் போட்டுப் பார்க்கும்போது ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். நின்றபடி மணிக்கட்டை மூடும் சட்டைக் கை, நீட்டினால் நாலு விரல்கடை மேலேறிவிடும்.