நானோ என்று எழுதியிருந்தால் குடித்துவிடுவீர்களா?

போன வாரம் வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். கையில் தடிமனான ஃபைல். ஈசிஜி, எக்கோ, நெஞ்சு ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்தில் கோளாறு இல்லை, தோல் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பியிருந்தார்கள். முகம் சாம்பல் பூசியது மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் நீலம். உடம்பு நீலமானால் ஆக்சிஜன் குறைகிறதோ என்றுதான் யாரும் பயப்படுவார்கள். ஆக்சிமீட்டரோ 99 காட்டுகிறது. நக அடியில் இருக்கும் வெள்ளைப் பிறைகூட நீலமாகிவிட்டது. சட்டைக் கையை மேலே சுருட்டச் சொன்னேன். வெயில் படாத மேல்கையில் நிறம் அவ்வளவாக மாறவில்லை.

"ஐயா, வெள்ளித் தண்ணீர் ஏதாவது குடிக்கிறீர்களா?"

அவருடைய மனைவி வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன் டாக்டரம்மா..."

இந்த வருஷம் இது மூன்றாவது ஆள். (ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதலில் வந்தவரிடம் பொறுமையாகப் பேசினேன். இப்போது அது தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன்.

இதன் பெயர் ஆர்ஜிரியா. தோலில் வெள்ளி படிந்துபோவது. படிக்கும் காலத்தில் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்களுக்கு வரும் நோய் என்று ஒரு பத்தியில் படித்துக் கடந்த விஷயம். இப்போது காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். வெயில் படும் இடத்தில் ஏன் அதிகம் கறுக்கிறது என்பதை, அந்தக் காலத்தில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஃபிலிமில் இருந்த வெள்ளி உப்பு வெளிச்சம் பட்டால்தான் கறுக்கும்.

இவர் முதலில் "நானோ சில்வர்" என்று ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறார். லேபிளில் 30 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம் வெள்ளி. அப்புறம் பாட்டில் கட்டுப்படியாகவில்லை என்று, இரண்டு வெள்ளிக் கம்பியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சும் ஒரு சின்ன மெஷினை வாங்கி வீட்டிலேயே தயாரிப்பு. காலை ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், மூன்று வருஷம். எதற்கு என்றால், எதிர்ப்புச் சக்திக்காம்.

மெஷின் தண்ணீரிலும் அதே 30 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இரண்டு டம்ளர் 400 மில்லி என்றால் நாளைக்கு 12 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 0.3 மில்லிகிராம். நாற்பது மடங்கு! மூன்று வருஷத்துக்கு 13 கிராம் வருகிறது. ஆயுள் முழுக்கச் சேர்ந்து சுமார் 10 கிராம் வரை போனால் பாதிப்பு வராது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குடித்ததில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். தங்கியது போதும், தோலில் தெரிவதற்கு. இத்தனைக்கும் உடம்புக்கு வெள்ளியால் ஆகவேண்டிய வேலை ஒன்றுகூடக் கிடையாது. வாய்வழி குடிக்கும் கூழ்ம வெள்ளியை, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த இதே தண்ணீரை, எந்த நோய்க்கும் பாதுகாப்பான, பலன் தரும் மருந்தாக ஏற்க முடியாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999லேயே சொல்லிவிட்டது. 2002ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவரும் இப்படி வீட்டில் தயாரித்துக் குடித்து நீலமானவர்தான். இன்னும் நாம் அதே பாட்டிலை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேரும் ஒரே வசனம்: "குழந்தைக்கு வெள்ளிச் சங்கில்தானே பால் புகட்டினோம்? வெள்ளித் தட்டில்தானே சாப்பிட்டார்கள்? அப்போது யார் நீலமானார்கள்?"

சங்கைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறீர்கள். சங்கையே யாரும் குடிப்பதில்லை. ஒரு சென்டிமீட்டர் வெள்ளிக் கட்டியின் ஆறு பக்கமும் சேர்த்து 6 சதுர சென்டிமீட்டர்தான் மேற்பரப்பு. அதையே ஒரு நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். எடை மாறவில்லை, பொருள் மாறவில்லை. ஆனால் தண்ணீரோடும் திசுவோடும் உரசும் பரப்பு ஒன்றரை ஏக்கர். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் போனால் பொருளின் குணமே மாறுகிறது. தங்கம் சிவப்பாகிவிடும்! கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் தெரியும் அந்த ரோஸ் கோடு, பெரும்பாலான கார்டுகளில் தங்கத் துகள்தான். தாலியில் இருக்கும் தங்கம் இப்படிச் சிவக்கிறதா? பிறகு சங்கை ஏன் இழுக்கிறீர்கள்?

நானோவுக்கு நான் எதிரி இல்லை. 2021ல் கறுப்புப் பூஞ்சை வந்தபோது எல்லோரும் தேடி அலைந்த ஊசி, ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை நானோ அளவுக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தது. பழைய ஆம்போடெரிசின் ஏற்றினால் நோயாளி குளிரில் கட்டிலோடு ஆடுவார், கிட்னி பாதிக்கும். குமிழிக்குள் வைத்ததும் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கொரோனாவுக்கு வந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் கொழுப்பு நானோத் துகளில்தான் உள்ளே போகின்றன. தீக்காயத்துக்கு நானோ வெள்ளி டிரஸ்ஸிங்கை நானே எழுதித் தருகிறேன். காயத்தின் மேல், சில நாட்களுக்கு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் குடிநீரிலிருந்து பூச்சிமருந்தையும் ஆர்சனிக்கையும் பிடிக்க நானோப் பொருட்களைப் பயன்படுத்திக் காட்டினார்கள். கவனியுங்கள், அது தண்ணீரைச் சுத்தம் செய்ய ஃபில்டரில் இருப்பது. டம்ளரில் இல்லை.

சன்ஸ்கிரீன் பற்றியும் கேட்கிறார்கள். கிரிக்கெட் வீரர்கள் மூக்கில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும் துத்தநாக ஆக்சைடுதான், நானோவாக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. புண் இல்லாத தோலில் அது மேலேயே நிற்கிறது, தைரியமாகப் போடுங்கள். ஸ்ப்ரேயை மட்டும் முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். நுரையீரலுக்குத் தோல் மாதிரி வேலி கிடையாது.

மற்றபடி, லேபிளில் "நானோ" என்று இருந்தால் எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையா, கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குடிக்கவும் மூக்கில் விடவும் கண்ணில் போடவும் வெள்ளித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து, இன்றைக்கே நிறுத்துங்கள். காரணம் தெரியாமல் நிறம் மாறினால் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இவர் சொல்லியிருந்தால் அந்த ஃபைல் இவ்வளவு தடித்திருக்காது.

தோலில் சின்னத் துண்டு எடுத்து அனுப்பிய பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றிக் கறுப்புத் துகள்கள். வெள்ளியை வெளியே இழுக்க மாத்திரை இல்லை. லேசரில் நிறம் ஓரளவு குறையும், வலிக்கும், செலவு அதிகம், பல தடவை வர வேண்டும். மகள் கல்யாணம் தை மாசம். முகத்துக்கு மட்டுமாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

நேற்று அவர் மனைவி அந்த மெஷினை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கறுத்துப்போன இரண்டு கம்பிகள், ஊசி மாதிரி மெலிந்து இருந்தன. வாங்கும்போது தீக்குச்சித் தடிமன் இருந்ததாம்.