வேகமான கார் ஏன் எப்போதும் முதலிடம் பிடிப்பதில்லை?

கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். ஏதாவது ஓர் இதழ் ‘ஓட்டுவதற்குச் சிறந்த கார்கள்’ என்று பட்டியல் போட்டிருக்கும். “ஸ்டாப்வாட்ச் இருக்கும்போது நடுவர் எதற்கு? சீக்கிரம் சுற்றி வந்த கார்தான் முதல்” என்பார் ஒருவர். “ஃபீல் என்று ஒன்று இருக்கிறதே” என்பார் இன்னொருவர். அந்தச் சொல்லைக் கேட்டதுமே முதலாமவருக்கு எரிச்சல் வந்துவிடும். அளக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு இதழ்காரர்கள் கதை விடுகிறார்கள் என்பது அவர் கட்சி.

இந்தப் பிளவு இதழ்களுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் ‘கார் அண்ட் டிரைவர்’ 1983 முதல் ‘டென்பெஸ்ட்’ என்று பத்துச் சிறந்த வாகனங்களைத் தேர்ந்தெடுத்து வருகிறது. அதே இதழ் 2006இல் ‘லைட்னிங் லேப்’ என்று இன்னொன்றைத் தொடங்கியது. வெர்ஜீனியாவில் உள்ள பந்தயத் தடத்தில் கார்களை விரட்டி, சுற்று நேரப்படி வரிசைப்படுத்தி அச்சிடுவார்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற குட்டி இருவர் கார் முதல் பட்டியலில் திரும்பத் திரும்ப இடம்பிடித்திருக்கிறது. இரண்டாவது பட்டியலிலோ, அதைவிடப் பல நூறு கிலோ கனமான செடான்கள்கூட அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டு பட்டியலுமே பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, அந்த ‘ஃபீல்’ என்பது என்ன? கவிதையா, இயற்பியலா? பெரும்பகுதி இயற்பியல்தான். அதுவும் டயர் தரையைத் தொடுகிற, உள்ளங்கை அளவே இருக்கிற ஓர் இடத்தில் நடக்கிற இயற்பியல்.

கார் ஒரு வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பார்க்கிற திசையும் அது உண்மையில் நகர்கிற திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். இதைச் சறுக்குக் கோணம் என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் டயர் முழுவதும் சறுக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தக் கோணம் இல்லாமல் டயரால் பக்கவாட்டு விசையையே உண்டாக்க முடியாது.

டயரின் மேற்புறத்தில் உள்ள ரப்பர் கட்டைகளில் ஒன்றை மட்டும் கவனிப்போம். சக்கரம் உருள உருள அந்தக் கட்டை தரைபடும் பகுதியின் முன்விளிம்பில் வந்து சாலையைப் பிடிக்கிறது. பிடித்த இடத்திலேயே அது ஒட்டிக்கொண்டிருக்க, சக்கரம் சற்றே வேறு திசையில் இழுக்கிறது. ஆகவே கட்டை பக்கவாட்டில் வளையத் தொடங்குகிறது. தரைபடும் பகுதியின் பின்பக்கத்தை நெருங்க நெருங்க வளைவு கூடுகிறது, விசையும் கூடுகிறது. கடைசியில் பிடிப்பு விட்டுப்போய், கட்டை சட்டென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. முன்பக்கக் கட்டைகள் கொஞ்சமாகவும் பின்பக்கக் கட்டைகள் அதிகமாகவும் இழுப்பதால், மொத்த விசை டயரின் நடுமையத்தில் விழுவதில்லை. சில சென்டிமீட்டர் பின்தள்ளி விழுகிறது. பொறியாளர்கள் இந்த இடைவெளியை ‘நியூமேட்டிக் டிரெயில்’ என்கிறார்கள். அந்தச் சில சென்டிமீட்டர் ஒரு நெம்புகோல் போல வேலை செய்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டீயரிங் கையில் கனக்கிறதே, அந்தக் கனத்தில் ஒரு பெரிய பங்கு இதுதான்.

சுவாரஸ்யம் இனிமேல்தான். வேகத்தைக் கூட்டினால் சறுக்குக் கோணமும் கூடும். முதலில் தாக்குப்பிடிக்க முடியாமல் வழுக்கத் தொடங்குவது, அதிகம் வளைந்திருக்கிற பின்பக்கக் கட்டைகள். அவை வழுக்கினாலும் முன்பக்கக் கட்டைகள் இன்னும் கூடுதலாக இழுக்க ஆரம்பிப்பதால் மொத்தப் பிடிமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் விசை விழுகிற இடம் முன்னே நகர்ந்து நெம்புகோல் குட்டையாகிவிடும். சாதாரண சாலை டயரில் நேராக்கும் முறுக்கு சுமார் 3 முதல் 5 டிகிரியிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். பக்கவாட்டுப் பிடிமானம் உச்சத்தைத் தொடுவது 6 முதல் 10 டிகிரி வாக்கில்.

அதாவது, பிடிமானம் தீர்வதற்கு முன்பே ஸ்டீயரிங் லேசாகத் தொடங்கிவிடுகிறது. ‘இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்’ என்ற தகவல் டயர் முழுவதும் வழுக்குவதற்கு முன்னால் ஓட்டுநரின் விரல்களுக்கு வந்துவிடுகிறது. “இந்தக் கார் பேசுகிறது” என்று இதழ்க் கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அந்தப் பேச்சில் மிக முக்கியமான வாக்கியம் இதுதான். இந்தத் தகவல் வராத காரிலும் அதே பிடிமானம் இருக்கலாம். ஸ்டாப்வாட்ச் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். ஓட்டுகிறவருக்கு மட்டும், ஒன்றில் எல்லை எங்கே என்று தெரியும். மற்றதில் எல்லையைத் தாண்டியபிறகுதான் தெரியும்.

இந்தச் சமிக்ஞை கைக்கு வந்து சேர்வதற்குள் பல இடங்களில் கெட்டுப்போகலாம். முதல் இடம் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் தானாகவே நேராகிக்கொள்வதைப் பார்த்திருப்போம்; திருகு அச்சுக்குப் பின்னால் சக்கரம் தரையைத் தொடுவதால் அப்படி. காரிலும் அந்த அச்சைச் சற்றே சாய்த்து, அதாவது கேஸ்டர் கோணம் வைத்து, இதையே செய்கிறார்கள். நெடுஞ்சாலையில் கார் அலையாமல் போக அது வேண்டும். ஆனால் இந்த நெம்புகோல் டயரின் நிலையைப் பொறுத்து மாறுவதில்லை. அதை அளவுக்கு மீறி வைத்தால், குறைந்துகொண்டே வரும் டயரின் மெல்லிய குரல் அதற்குள் அமுங்கிவிடும். ஸ்டீயரிங் நன்றாகக் கனக்கும், ஒன்றும் சொல்லாது. கனத்தையும் ஃபீலையும் ஒன்று என்று குழப்பிக்கொள்கிறவர்கள் விமர்சகர்களிலும் உண்டு. ‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் பல கார்களில் நடப்பது வெறும் கனம் கூடுவதுதான்.

அடுத்த இடம் பவர் ஸ்டீயரிங். பழைய ஹைட்ராலிக் அமைப்பில் எண்ணெய் அழுத்தம் உதவி செய்யும். இன்றைய மின் ஸ்டீயரிங்கில் ஒரு மோட்டார் பற்சக்கரங்கள் வழியாக உதவுகிறது. சிக்கல் அந்தப் பற்சக்கரங்களில் இருக்கிறது. மோட்டார் 20 மடங்கு வேகமாகச் சுற்றும்படி பற்சக்கரம் அமைத்தால், மோட்டாரின் சுழல் நிலைமம் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் மந்தம்) கைப்பக்கத்தில் 20 மடங்காக அல்ல, 20 பெருக்கல் 20, அதாவது 400 மடங்காகத் தெரியும். நிலைமம் பல்விகிதத்தின் இருமடியாகப் பெருகுவதுதான் காரணம். சாலையிலிருந்து வருகிற வேகமான நுண்ணிய அதிர்வுகள் அந்த மந்தத்தில் கரைந்துபோகும். உராய்வு வேறு இருக்கிறது. மென்பொருளை வைத்து இதைப் பெருமளவு ஈடுகட்டலாம். ஆரம்ப காலத்தில் பலர் அதைச் சரியாகச் செய்யவில்லை. 2011இல் வந்த 991 தலைமுறை போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரில் ஹைட்ராலிக் போய் மின் ஸ்டீயரிங் வந்தபோது, ஏதோ கோயில் சிலையை இடம் மாற்றிவிட்டதுபோல ரசிகர்கள் கொதித்தார்கள். எரிபொருள் சிக்கனத்துக்காகத்தான் மாற்றினார்கள். ஹைட்ராலிக் பம்பு என்ஜின் ஓடும்வரை சுற்றிக்கொண்டே சக்தியை விழுங்கும்; மின் மோட்டார் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும். தானாகப் பார்க் செய்வது, தடம் மாறாமல் பிடித்துக்கொள்வது போன்ற வசதிகளும் மோட்டார் இருந்தால்தான் சுலபம். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான மெக்லாரன் விடாப்பிடியாக ஹைட்ராலிக்கிலேயே தொடர்ந்தது. 1996இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸுக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. மொத்தமே 700 கிலோ சொச்சம், என்ஜின் நடுவில், முன்சக்கரங்கள் மேல் பாரம் குறைவு.

ஆனால் ஹைட்ராலிக் என்றாலே தேவாமிர்தம் என்பதெல்லாம் நினைவு செய்கிற வேலை. மரத்துப்போன ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குகளும் ஏராளமாக இருந்தன. அப்புறம், சாலைக் குழியெல்லாம் கையில் உதைப்பதை ஃபீல் என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தகவல் இல்லை, இரைச்சல்.

கைகளைத் தவிர உடம்பும் ஓர் அளவுகோல்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் முன்டயர்கள் விசை தருகின்றன. கார் தன் அச்சில் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சியால் பின்டயர்களுக்கும் சறுக்குக் கோணம் கிடைத்தபிறகே கார் முழுசாகப் பக்கவாட்டில் நகர்கிறது. உள்காதின் அரைவட்டக் குழாய்கள் சுழற்சியை உணர்கின்றன. அதே உள்காதில் உள்ள ஓட்டோலித் உறுப்புகள் பக்கவாட்டுத் தள்ளலை உணர்கின்றன. இரண்டு செய்திகளும் நெருங்கி வந்தால் கார் நம் எண்ணத்தோடு ஒட்டித் திரும்புவதுபோல் இருக்கும். விலகி வந்தால் மூக்கு முதலில் போய், வால் பிறகு யோசித்து வருவதுபோல் இருக்கும். இத்தனைக்கும் இந்த இடைவெளி ஒரு வினாடியில் சிறு பின்னம்தான். என்ஜினை நடுவில் வைப்பது, 2013இல் வந்த 911 ஜிடி3இல் செய்ததுபோல் பின்சக்கரங்களையும் சற்றே திருப்புவது எல்லாம் இந்தச் சிறு பின்னத்தைச் சுருக்கத்தான் பெரிதும் உதவுகின்றன. இவற்றால் சுற்று நேரமும் குறையலாம், குறையாமலும் போகலாம்.

டயர் விஷயத்தில் ஃபீலும் நேரமும் சில சமயம் எதிரெதிராகவே நிற்கும். 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து கொண்டுவந்த ஜிடி86 காருக்கு, சில நாடுகளில் பிரியஸ் என்ற சிக்கனக் காருக்குப் போட்ட அதே ரக டயரையே போட்டார்கள். வேண்டுமென்றேதான். பிடிமானம் குறைவாக இருந்தால் மேலே சொன்ன நாடகம் முழுவதும் மிதமான வேகத்திலேயே அரங்கேறும். ஒட்டுகிற டயரைப் போட்டால் சுற்று நேரம் இறங்கும். ஆனால் டயர் வாய்திறக்கும் வேகம், பொதுச்சாலையில் யாரும் போகக்கூடாத வேகமாக இருக்கும்.

ஆக ஃபீல் என்பது உண்மையான, காரணம் சொல்லக்கூடிய ஒன்று. அதற்கு மதிப்பெண் போடுவதுதான் சிக்கல். விமானத் துறை இதே சிக்கலை முன்பே சந்தித்தது. ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் என்ற இரண்டு சோதனை விமானிகள் 1969இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு, 10 என்றால் ஓட்டவே முடியாது. விமானம் பிடித்திருந்ததா என்று அது கேட்பதில்லை. கொடுத்த வேலையை முடித்தீர்களா, அதற்கு எவ்வளவு கூடுதலாக மெனக்கெட வேண்டியிருந்தது என்று கிளை கிளையாகக் கேட்டு விமானியை ஓர் எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். கார் இதழ்களில் இந்த ஒழுங்கைப் பார்ப்பது அரிது. ஒரு நடுவர் எந்தக் காரிலிருந்து இறங்கி எந்தக் காரில் ஏறினார் என்பதே தீர்ப்பை அசைத்துவிடும்.

இதைவிட விஷமமானது, மதிப்பெண்களைக் கூட்டுகிற இடம். ஐந்து நடுவர்கள், வெள்ளை, சிவப்பு என்று இரண்டு கார்கள். மூன்று பேர் வெள்ளை என்கிறார்கள், இரண்டு பேர் சிவப்பு என்கிறார்கள். வெள்ளை ஜெயித்தது. இப்போது நீலம் என்று மூன்றாவது காரைப் போட்டியில் சேர்க்கிறோம். முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. அந்த மூன்று பேரின் வரிசை வெள்ளை, சிவப்பு, நீலம். மற்ற இருவரின் வரிசை சிவப்பு, நீலம், வெள்ளை. கூட்டிப் பார்த்தால் வெள்ளைக்கு 11, சிவப்புக்கு 12, நீலத்துக்கு 7. சிவப்பு ஜெயித்துவிட்டது! வெள்ளையா சிவப்பா என்ற கேள்வியில் ஒருவர்கூட மனம் மாறவில்லை. ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஒரு கார் உள்ளே வந்தது, அவ்வளவுதான் நடந்தது. புள்ளிமுறையைத் திருத்தினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட போட்டியாளர்கள் இருந்தால், தனிமனிதர்களின் வரிசைகளை எல்லா நியாயமான நிபந்தனைகளுக்கும் உட்பட்டுப் பொது வரிசையாக்கும் வழி கிடையாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் நிறுவினார். அவர் யோசித்தது தேர்தல் போன்ற பொது முடிவுகளைப் பற்றி. கார் நடுவர் குழுவும் ஒரு சின்னத் தேர்தல்தானே.

அதனால் இதழ் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது நான்காவது, ஐந்தாவது இடத்துக் கார்களைப் பற்றி எழுதியிருப்பதை. ஸ்டீயரிங் எப்போது லேசானது, வால் எப்போது அசைந்தது என்று நடுவர் எழுதியிருந்தால் அதில் தகவல் இருக்கிறது. தரவரிசை எண்ணில் அதெல்லாம் கரைந்துபோய்விடுகிறது. எந்த அளவுக்குக் கரையும் என்பதற்கு ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது ஒரு நல்ல சாட்சி. ஓட்டும் இன்பத்துக்கு மட்டுமான விருதல்ல அது. ஆனாலும் கணக்கு அதே கணக்குதான். ஒவ்வொரு நடுவரிடமும் 25 புள்ளிகள். குறைந்தது ஐந்து கார்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரு காருக்கு 10க்கு மேல் கூடாது. 2019இல் இரண்டு கார்கள் சரியாக 250 புள்ளிகளில் வந்து நின்றன. ஒன்று ஆல்பைன் ஏ110: 1,100 கிலோ வாக்கில் எடை, நடுவில் பெட்ரோல் என்ஜின், இரண்டே இருக்கை. இன்னொன்று ஜாகுவார் ஐ-பேஸ்: ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு எடையுள்ள மின்சார எஸ்யூவி. எத்தனை நடுவர்கள் முதலிடம் கொடுத்தார்கள் என்று எண்ணி, 18க்கு 16 என்ற கணக்கில் ஜாகுவாருக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.