அன்சினேட்டுக்குக் கொக்கி போதும்

"வளைந்த நீட்சி". இதை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது! போன சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புக்கு, நர்சிங் படிக்கும் ஒரு பெண் கணையத்தின் படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பெயரெல்லாம் தமிழில் அச்சிட்ட படம். கணையத்தலையின் அடியிலிருந்து நீளும் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் அன்சினேட் பிராசஸ் என்பார்கள், அதற்கு அதே "வளைந்த நீட்சி". "டீச்சர், இதுல எல்லாமே வளைஞ்சுதானே இருக்கு, எதைச் சொல்றாங்க?" என்றாள். நியாயமான கேள்வி.

லத்தீனில் உங்குஸ் என்றால் கொக்கி, அதிலிருந்து உங்கினுஸ், அப்புறம் கொக்கி போன்றது என்ற பொருளில் உங்கினாத்துஸ், அதுதான் ஆங்கிலத்தில் அன்சினேட். அவ்வளவுதான். வெறுமனே வளைந்தால் கொக்கி ஆகாது, வளைந்து எதையாவது மாட்டிப் பிடிக்கவேண்டும். கணையத்தலையின் அடியிலிருந்து இந்தப் பகுதி இடப்பக்கம் திரும்பி, குடலுக்குப் போய்வரும் பெரிய ரத்தக்குழாய்களுக்குப் பின்னால் நுழைந்து நிற்கிறது. கொல்லையில் துறட்டியை மாங்காய்க் காம்புக்குப் பின்னால் கொடுத்து இழுக்கிறோமே, அதே வாட்டம். விலா எலும்பும்தான் வளைந்திருக்கிறது, அதைக் கொக்கி என்போமா?

இன்னொரு கூட்டம் "அங்குச நீட்சி" என்கிறது. அங்குசமும் உங்குஸும் ஒரே வேராம். சரி, உண்மைதான், ஆனால் அது சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவு, தமிழில் படிக்கிறவருக்கு அதனால் என்ன விளங்கிவிடும்? டர்பனில் நாங்கள் அங்குசத்தைப் பார்ப்பது பிள்ளையார் கையில்தான், அதிலும் கொக்கியோடு நேராக நீட்டிய குத்துமுனை ஒன்று இருக்கும். கணையத்தில் அந்த முனை எங்கே இருக்கிறது? யானைக் கருவிதான் வேண்டுமென்றால் குறளிலேயே "உரனென்னும் தோட்டியான்" என்று தமிழ்ச்சொல் இருக்கிறது. அதையும் நான் கேட்கமாட்டேன், தோட்டி என்றால் இன்று யாருக்கும் அங்குசம் நினைவுக்கு வராது.

கொக்கி நம் சொல். கன்னடத்தில் கொக்கெ, தெலுங்கில் கொக்கெம். கொக்கிப்புழு என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிறது, அந்தப் புழுவின் ஒரு பழைய மருத்துவப் பெயர் அன்சினேரியா, இதே லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அங்கே யாரும் அங்குசப்புழு என்று போகவில்லையே. உறுப்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது, எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அவள் படத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு "கொக்கி நீட்சி" என்று எழுதிக்கொடுத்தேன். கழுத்து முள்ளெலும்பிலும் மூக்குக்குள்ளும் இதே பெயரில் நீட்சிகள் உண்டு, அங்கேயும் இதையே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.