மொட்டு விரியும் முன்பே விழித்துக்கொள்ளும் புழு

இலையுதிர் மரத்தைப் புழு மொட்டையடித்தாலும் அது மறுபடி துளிர்க்கிறது, ஊசியிலை மரம் மட்டும் ஏன் பட்டுப்போகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

இலையுதிர் மரம் தன் மாவுச்சத்தைப் பெரும்பாலும் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. ஊசியிலை மரமோ இலைகளைப் பல ஆண்டுகள் உதிர்க்காமல் வைத்திருந்து, சேமிப்பில் கணிசமான பங்கை அவற்றிலேயே வைக்கிறது. இலை போனால் அதுவும் போச்சு. ஆனாலும் ஒரே ஆண்டில் சாகாது. புது ஊசியிலைகள் தொடர்ந்து நாலைந்து ஆண்டுகள் பறிபோனால்தான் பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் மடியத் தொடங்கும்.

கிழக்குக் கனடாவில் அந்த ஊசிகளைத் தின்று தீர்ப்பது ஸ்ப்ரூஸ் பட்வர்ம் என்ற அந்துப்பூச்சியின் புழு. சுமார் 30–40 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும். 1970களில் கிழக்கு வட அமெரிக்காவில் 5 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டை மேய்ந்தது.

எனக்கு வியப்பே அதன் முதல் சில மாதங்கள்தான். கோடையின் பிற்பகுதியில் முட்டையிலிருந்து வரும் புழு எதையுமே தின்பதில்லை. பட்டை இடுக்கில் பட்டுக்கூடு பின்னி, ஒருமுறை தோலுரித்து, உறங்கிவிடுகிறது. முட்டைக்கருவில் மிஞ்சிய சத்தை வைத்தே பனிக்காலம் முழுவதையும் கடக்கிறது! வனத்துறையினர் கிளைகளை வெட்டி, காஸ்டிக் சோடா கரைசலில் அலசி, இந்தத் தூங்கும் புழுக்களை எண்ணுவார்கள்; அடுத்த கோடையின் சேதத்தை அதை வைத்துக் கணிக்கலாம். காடு செம்பழுப்பாகக் காய்ந்த பிறகு நிதி ஒதுக்கிப் பயனில்லை. புழு குறைவாக உள்ள ஆண்டுகளிலும் இந்த எண்ணிக்கைக்குப் பணம் தர வேண்டும் என்பேன்.

வசந்தத்தில் புழுவை எழுப்புவது நாளுக்கு நாள் சேரும் வெப்பம். மரம் மொட்டவிழ்ப்பதும் அதே வெப்பத்தைப் பொறுத்தே. புழு சற்று முந்திக்கொள்கிறது. மொட்டு இளகும்வரை பழைய ஊசி ஒன்றுக்குள் துளைத்துப் புகுந்து காலம் தள்ளுகிறது. ரொம்ப முந்தினால் பட்டினி. பிந்தினாலோ ஊசிகள் முற்றி நார் ஏறிவிடும், நைட்ரஜனும் குறைந்துவிடும்.

பிளாக் ஸ்ப்ரூஸ் என்ற இன்னொரு ஊசியிலை மரம் பெரும்பாலும் தப்பிப்பதும் இதனால்தான். அதன் இலை புழுவுக்கு ஒவ்வாதது அல்ல; பால்சம் ஃபிரைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதமாக மொட்டவிழ்க்கிறது, அவ்வளவுதான். வசந்தம் சூடேறி இந்த இடைவெளி சுருங்கினால், வடக்கே பரந்து கிடக்கும் பிளாக் ஸ்ப்ரூஸ் காடுகளுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பும் குறையும்.