கியர்பொக்ஸை இறக்குவதற்கு முன் மவுண்டைப் பாருங்கள்

கியர்பொக்ஸ் மாற்றிய பின்னரும் கார் உதைக்கிறது என்று சொல்லிக்கொண்டு திருகோணமலையில் எங்கள் கராஜுக்கு வருபவர்களின் தொகை அண்மைக்காலமாகக் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். ஒட்டோ கியர் பூட்டிய பழைய கொரோலா 121 அவருடையது. 'ஆர்' (ரிவர்ஸ்) இலிருந்து 'டி' (டிரைவ்)க்கு மாற்றும்போது அடியில் 'டக்' என்று ஒரு அடி விழுந்திருக்கிறது. சந்தியில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போது ஸ்டியரிங்கும் இருக்கையும் நடுங்கியிருக்கின்றன. ஓரிடத்தில் கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது என்று சொல்லி, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த பொக்ஸ் ஒன்றை வரவழைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உதை அப்படியே இருந்தது. அந்தப் பொக்ஸும் பழுது, இன்னொன்று எடுக்க வேண்டும் என்ற நிலையில்தான் மாஸ்டர் இங்கே வந்தார். பொனட்டைத் திறந்தபோது, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிகளில் ஒன்றான வலப்பக்க மவுண்டின் உள்ளே இருந்த திரவம் முழுவதும் வெளியே வடிந்து, ரப்பர் தட்டையாக அமர்ந்திருந்தது. பின்பக்க மவுண்டின் நடுப்பகுதி, தன்னைப் பிடித்திருந்த ரப்பரிலிருந்து முற்றாகக் கழன்றிருந்தது. "அப்ப நான் மாத்தின பொக்ஸ், தம்பி?" என்று அவர் கேட்டதற்கு மரியாதையாகச் சொல்லக்கூடிய பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். வந்தவற்றின் விலையும் சாதாரண குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே இருபது வயதைத் தாண்டிய கார்களை இன்னும் பல ஆண்டுகள் ஓட்ட வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம். அந்தக் கார்களுக்குச் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. செலவு தவறான இடத்தில் போய் விழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில், 'கியர் மாற்றும்போது உதைத்தால் கியர்பொக்ஸ்தான் பழுது' என்ற எண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. எஞ்சினும் கியர்பொக்ஸும் உங்கள் காரில் தனித்தனியாக நிற்பவை அல்ல. இரண்டும் போல்ட் போட்டு ஒன்றாக இறுக்கப்பட்ட ஒரே பாரம். முன்சில்லு இழுவையுள்ள பெரும்பாலான ஜப்பான் கார்களில் அந்தப் பாரம் முழுவதையும் மூன்று அல்லது நான்கு ரப்பர் மவுண்டுகளே தாங்குகின்றன. சில்லுகளை முன்னோக்கிச் சுழற்றும் விசை, அதே அளவில் எஞ்சினை எதிர்ப்பக்கமாகச் சாய்க்கவும் செய்கிறது. 'டி'யில் எஞ்சினின் தலை உங்களை நோக்கிப் பின்னால் சாயும், 'ஆர்' இல் ரேடியேட்டரை நோக்கி முன்னால் சாயும். ரப்பர் நலமாக இருந்தால் இந்தச் சாய்வு மெதுவாக நடந்து முடிந்துவிடும், நீங்கள் உணரவே மாட்டீர்கள். ரப்பர் கிழிந்திருந்தால், எஞ்சின் அந்த இடைவெளி முழுவதையும் தடையில்லாமல் கடந்து, இரும்பில் போய் மோதி நிற்கும். அந்த மோதல் நேரே காரின் உடலில் ஏறி, உங்கள் கை கியர் லிவரில் இருக்கும் அதே கணத்தில் கேட்கும். கையில் இருப்பது லிவர் என்பதால் குற்றம் பொக்ஸின் தலையில் விழுகிறது. நோவு ஒருபக்கம் இருக்கச் சூடு ஒருபக்கம் போட்ட கதை இதுதான். புதிய பொக்ஸைப் பூட்டினாலும் அது தொங்கப்போவது அதே கிழிந்த ரப்பரில் என்பதால் உதை குறைய வழியில்லை. பொக்ஸ் இறக்கும் வேலையில் மவுண்டுகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கையில் எடுத்த மவுண்டைத் திருப்பிப் பார்க்காமல் மீண்டும் பூட்டிவிட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விடயம்.

இந்த எண்ணத்தின் இரண்டாவது கிளை, உதை வந்தவுடன் கியர் ஒயிலை மாற்றுவது. குறித்த காலத்தில், சரியான ஒயிலைக் கொண்டு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் எல்லா ஒட்டோ கியருக்கும் ஒரே ஒயில் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். 2000களின் டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு டைப் டி-4 (Type T-IV) என்று குறித்திருப்பார்கள், நிசானுக்கு அதன் சொந்த மெட்டிக் (Matic) ஒயில் வகைகள் இருக்கின்றன. முதல் தலைமுறை ஹொண்டா ஃபிட் காரின் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஒட்டோ) பொக்ஸ் எச்எம்எம்எஃப் என்ற தனி ஒயிலைத்தான் ஏற்கும். அதில் சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் புறப்படும்போது உதறும், தொடர்ந்து ஓடினால் உள்ளே பழுதாகும். மவுண்டில் தொடங்கிய சிக்கல் உண்மையாகவே கியர்பொக்ஸுக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான்.

எது மவுண்ட், எது வேறு என்று பிரிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஏசியை நிறுத்திவிட்டு, காரை 'என்' (நியூட்ரல்) இல் வைத்து இருக்கையில் அமைதியாக இருங்கள். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யில் போடுங்கள், பின்னர் ஏசியைப் போடுங்கள். 'என்' இல் அமைதியாக இருந்த கார் 'டி'யில் நடுங்கி, ஏசி ஏறும்போது இன்னும் கூடுதலாக நடுங்கினால் முதல் சந்தேகம் மவுண்டின் மேல்தான் விழ வேண்டும். பிரேக்கை விடாமல் அக்சலரேட்டரை மெல்லத் தொட்டு எஞ்சின் வேகத்தை நூறு, இருநூறு சுற்று உயர்த்தியவுடன் நடுக்கம் மறைந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். மாறாக, 'என்' இலும் 'பி'யிலும் சீரில்லாமல் இடையிடையே தடுக்கி உதறினால் அது பெரும்பாலும் எஞ்சின் ஒழுங்காக எரியாததால் வருவது. பிளக், கொயில், அழுக்கேறிய திரொட்டில் பொடி (எஞ்சினுக்குள் காற்று போகும் வாசல்) ஆகியவற்றை அங்கே பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் மவுண்ட் மாற்றினால் நடுக்கம் குறைந்ததுபோல் தோன்றும், ஆனால் போகாது. எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் சில்லுகளின் பலன்ஸைப் பாருங்கள். கந்தளாய் வீதியில் வேகமெடுத்துப் போகும்போது மட்டும் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு மவுண்ட் வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது, எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று கண்ணால் பார்க்கும் சோதனை. சமதரையில் காரை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தபடி ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். பொனட்டைத் திறந்து பார்ப்பவர் காரின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னால் நிற்கவே கூடாது. பிரேக் நழுவினால் கார் பாய்வது அவர் மீதுதான், இதைச் சொல்லச் சொல்லவும் முன்னுக்குப் போய்க் குனிந்து பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே இருப்பவர் 'டி'யில் போட்டு அக்சலரேட்டரைச் சற்றே தொட்டு விட வேண்டும், பின்னர் 'ஆர்' இலும் அதேபோல் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் போதும். நீண்ட நேரம் மிதித்தால் பொக்ஸின் ஒயில் கொதித்துவிடும். எஞ்சின் சற்று அசைவது இயல்பு, அதற்காகத்தான் ரப்பரே வைத்திருக்கிறார்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பினாலோ, எழும்பி விழும்போது இரும்புச் சத்தம் கேட்டாலோ பிடி போய்விட்டது என்று கொள்ளலாம்.

எந்த மவுண்ட் என்று அறிய அடியில் போய்ப் பார்க்க வேண்டும். திரவம் நிரப்பிய மவுண்ட் கசிந்திருந்தால் அதன் கீழே கறுத்த வழிசல் காய்ந்திருக்கும். மற்றவற்றில், மேலோட்டமான சின்ன வெடிப்புகளைக் கண்டு பதற வேண்டாம். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா, நடுத்துண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா, இரும்போடு இரும்பு உரசிப் பளபளத்த தடம் இருக்கிறதா என்பவையே முக்கியமானவை. சில மவுண்டுகளில் பாரம் அமர்ந்திருக்கும்வரை கிழிவு வாய்மூடிக் கிடக்கும். சம்பின் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியின்) கீழே அகலமான மரப்பலகை வைத்து ஜக்கால் எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் அது திறந்து தெரியும். பலகை இல்லாமல் ஜக்கை வைத்தால் சம்ப் நசுங்கும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் யாரும் புகக்கூடாது, தாங்கி வைக்காமல் ஒரு விரலைக்கூட நீட்ட வேண்டாம்.

கியர்பொக்ஸ் உண்மையிலேயே பழுதடைவதும் உண்டு, அதன் அடையாளங்கள் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சுற்று ஏறியும் கார் இழுக்காமல் வழுக்குவது, 'டி'யில் போட்ட பிறகு இரண்டு மூன்று விநாடி கழித்தே பிடிப்பது, ஒயில் கறுத்துக் கருகிய வாடை அடிப்பது ஆகியவை இருந்தால் பொக்ஸைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலில் ஸ்கானரைப் பூட்டிக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

கை கியர் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அக்சலரேட்டரை மிதித்து விடும்போது லிவர் தானாக முன்னும் பின்னும் ஆடினால், முதல் கியரும் ரிவர்ஸும் ஒருநாள் இலகுவாகவும் மறுநாள் முரண்டுபிடித்தும் விழுந்தால், கிளச் தட்டை மாற்ற முன் மவுண்டைப் பாருங்கள். எஞ்சின் சாயும்போது கியர் கேபிளையும் சேர்த்து இழுப்பதால் வருவது அது.

மவுண்டுகள் ஏன் இங்கே சீக்கிரம் போகின்றன என்றால், கடல் உப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். உப்புக்காற்று போல்ட்டையும் இரும்புத் தாங்கியையும் தின்னும், உண்மை. ரப்பரைக் கொல்வது அதுவல்ல, உப்புக்குப் பயந்து நாம் அடிக்கும் ஒயில். சேர்விஸ் செய்யும் இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க என்று காரின் அடிப்பக்கம் முழுவதும் கழிவு ஒயிலையும் டீசலையும் கலந்து பீச்சுகிறார்கள், அதை நீங்களும் காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறீர்கள். ஒயில் பட்ட ரப்பர் ஊறிப் பருத்து, மென்மையாகி, இரும்பை விட்டு உரியும். மவுண்ட் மட்டுமல்ல, சஸ்பென்ஷன் புஷ்களும் அதோடு போகும். நிலாவெளிக் கடற்கரையோரம் கார் நிறுத்துபவர்கள் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவுங்கள், அது போதும். வால்வு கவரிலிருந்து மவுண்டின் மேல் ஒயில் சொட்டுகிறது என்றால் பக்கிங்கை மாற்றுங்கள். பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே 'டி'யில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கார் முழுதாக நின்ற பிறகு மாற்ற ஒரு விநாடிதான் கூடுதலாகும்.

மாற்றுவதென்று முடிவானால், எங்கள் தொழிலில் நடக்கும் சில குறுக்குவழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கிழிந்த இடைவெளியில் டயர்த் துண்டு செருகுவதும் கண்ணாடி ஒட்டும் பசையை ஊற்றுவதும் சத்தத்தை நிறுத்தும், நடுக்கத்தை இரட்டிப்பாக்கும். கடினமான விலைகுறைந்த மவுண்டும் அப்படித்தான். பாவித்த மவுண்ட் வாங்காதீர்கள், அதன் ரப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான். ஒன்று முழுதாகப் போய் நெடுநாள் ஆகியிருந்தால் மற்றவை அதன் பாரத்தையும் சுமந்து களைத்திருக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்து, தளர்ந்தவற்றைச் சேர்த்தே மாற்றுவது கூலியை மிச்சப்படுத்தும். தள்ளிப்போட்டால் சைலன்சரின் வளையும் குழாய் வெடிக்கும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜொயின்ட் தேயும், ரேடியேட்டர் குழாய் இழுபடும்.

பூட்டும்போது எஞ்சினைக் கம்பி கொடுத்து நெம்பி, துளை பொருந்தியவுடன் ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டால் புதிய ரப்பர் முறுகியபடியே நிற்கும், சில மாதங்களில் மீண்டும் கிழியும். எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாக விட்டு, எஞ்சினைச் சற்று இயக்கி அதன் இடத்தில் தானாக அமரவிட்டு, நிறுத்திய பிறகு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய மவுண்டுகளைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள், 'என்' இலும் 'டி'யிலும் முன்னர் செய்த அதே சோதனையைக் கராஜ் வாசலிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.