கோது ஏன் சுட்ட இடத்திலேயே கிடக்கிறது?

மாரி மழை மண்ணை அரித்த மறுநாள் வன்னிக் காணிகளில், சுட்ட துவக்கு ரவைகளின் வெற்றுக் கோதுகள் மேலே வந்து கிடக்கும். பித்தளை என்றால் பச்சையாகக் களிம்பேறியிருக்கும், இரும்பு என்றால் துருவேறியிருக்கும். (முனையில் சன்னம், அதாவது பறந்து போகும் குண்டு, இன்னும் இருந்தால் அது வெற்றுக் கோது அல்ல, வெடிக்காத ரவை. தொடவே வேண்டாம்.) சன்னம் எங்கேயோ போய்விட்டது. கோது மட்டும் ஏன் இங்கே விழுந்தது? தானாக ரவை ஏற்றும் துவக்கின் சூட்சுமமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஊசி ரவையின் அடியில் குத்தியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த அழுத்தத்தில் கோது உப்பி, குழலின் பின்முனையில் ரவை இருக்கும் அறையின் சுவரோடு இறுக ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. சன்னம் குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழும், கோதும் சற்றே சுருங்கிச் சுவரை விடும். மயிரிழை அளவுச் சுருக்கம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் கோது அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்தப் பொறியில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

சரி, கோதை வெளியே இழுப்பது எது? அதே வாயுதான். குழலின் மேற்பக்கம் ஒரு சிறு துளை உண்டு. சன்னம் அதைத் தாண்டியதும் கொஞ்ச வாயு அதன் வழியே ஏறி ஓர் உந்துதண்டைப் பின்னே தள்ளும். அறையை மூடியிருந்த கட்டை திறந்து பின்னால் ஓடும். அதிலுள்ள கொக்கி கோதின் விளிம்பைப் பிடித்து இழுத்து வர, வழியில் ஒரு முனை தட்டி அதை வெளியே எறிந்துவிடும். பிறகு சுருள்வில் கட்டையை முன்னே தள்ள, அடுத்த ரவை அறைக்குள் ஏறும். 1945-இல் சோவியத் நாட்டுச் சிமோனொவ் வடிவமைத்த எஸ்கேஎஸ் துவக்கு இப்படித்தான் இயங்குகிறது. 10 ரவை கொள்ளும்.

ஆனால் அடுத்த வெடி தானாக வராது. கட்டை பின்னே போகும்போது, ஊசியை அடிக்கும் சுத்தியலை ஒரு சிறு பிடி மாட்டிக்கொள்ளும். விரலைத் தளர்த்தி மறுபடி விசையை இழுத்தால்தான் சுத்தியல் விழும். வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த ரி-56 துவக்கில் ஒரு நெம்பை மாற்றினால் அந்தப் பிடி விலகிவிடும், வெடி தொடரும்.

இரண்டுக்கும் ரவை ஒன்றே, வெளியே விழும் கோதும் ஒன்றே. கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு இந்தக் கோது பெரும் தொல்லை. அவர்களின் கருவி மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து பதில் வரும். பி4 போன்ற பிளாஸ்ரிக் மிதிவெடியில் இருக்கும் உலோகம் மிகச் சிறிது. கோதோ முழுக்க உலோகம், அதற்கும் கருவி ஒலிக்கும். ஆனாலும் ஒலி வந்தால் அது மிதிவெடி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முழந்தாளிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் போனால், கடைசியில் கைக்கு வருவது 39 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு வெற்றுக் கோது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கருவியை மறுபடி அதே இடத்தில் பிடிக்கிறார்கள்.