நல்கை இருக்க மானியம் எதற்கு?

‘பொருத்தமான மானியம்’ என்ற தொடரைச் சென்ற மாதம் ஒரே நாளில் பதினொரு முறை படித்தேன். அமெரிக்க நகரம் ஒன்றின் கலை ஆணையம், உள்ளூர்க் கலைக்குழுக்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்துக்காக வெளியிட்ட விண்ணப்பக் கையேடு அது. அங்கே வாழும் தமிழர்களுக்காக யாரோ தமிழாக்கியிருந்தார். மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: ‘விண்ணப்பதாரர் பொருத்தமான மானியத்தைத் தாமே திரட்டிக்கொள்ள வேண்டும்.’ மூன்று முறை படித்தும் விளங்கவில்லை. மூலத்தை வாங்கிப் பார்த்தேன். நகரம் ஒரு டாலர் கொடுத்தால் குழுவும் தன் பங்காக ஒரு டாலர் போட வேண்டும் என்பதுதான் அங்கே இருந்த செய்தி. ‘மேட்சிங்’ என்ற சொல்லைக் கண்டதும், புடவைக்கு ரவிக்கைத் துணி பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர்.

‘பொருத்தமான’ என்பதை அடித்துத் திருத்துவது அரை நிமிட வேலை. பேனா நின்றது அடுத்த சொல்லில். கலைக்குழுவுக்கு நகரம் கொடுக்கும் ‘கிராண்ட்’, மானியம்தானா? பல ஆண்டுகளாக எங்கும் இப்படியே எழுதுகிறார்கள். நானும் எத்தனையோ முறை கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். இந்த முறை விட மனம் வரவில்லை.

முதலில் மூலச்சொல். கிராண்ட் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் அடியில் இருப்பது ‘நம்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. கிரெடிட் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நம்பி ஒப்படைப்பது, கேட்டதற்கு இசைவது, உரிமை கொடுப்பது, கடைசியில் பணம் கொடுப்பது என்று பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. அவ்வளவு போதும். ‘நம்பி’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் பிடிக்க வேண்டுமானால் அகராதியைவிட நடைமுறையைப் பார்ப்பது நல்லது. சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். அந்நகரின் கலை ஆணையம் 1932இல் நகரச் சாசனத்தின், அதாவது நகராட்சியின் அடிப்படைச் சட்டத்தின், வழியே அமைந்தது. மேயர் நியமிக்கும் 15 உறுப்பினர்கள். புறக்கணிக்கப்பட்டுவந்த சமூகங்களின் கலைக்கென்று 1993 முதல் அதனிடம் ஒரு தனி நிதி உண்டு. இதற்கு அப்பால், விடுதி வரியில் ஒரு பகுதியைக் கலை அமைப்புகளுக்குக் கொடுக்கும் வேறொரு நகரத் திட்டம் 1961 முதல் நடக்கிறது. பயணிகள் தங்கும் அறைக்குக் கட்டும் வரி, உள்ளூர் நாடகக் குழுவின் ஒத்திகைக்கூட வாடகையாக மாறுகிறது.

இப்படிப்பட்ட பணம் குழுவின் கைக்கு எப்படி வருகிறது? முதலில் அறிவிப்பு. பிறகு விண்ணப்பம்: என்ன செய்யப்போகிறீர்கள், யாருக்காக, எந்த மாதத்தில், எவ்வளவு செலவு, மீதிப் பணம் எங்கிருந்து வரும். முன்பு செய்த நிகழ்ச்சியின் காணொளியோ படங்களோ உடன் போக வேண்டும். அதே கலைத்துறையில் இருக்கும் வெளியாட்கள் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். பட்டியல் ஆணையத்தின் முன் போகிறது. ஒப்புதல் கிடைத்தால் ஒப்பந்தம். வேலை முடிந்தபின் கணக்கும் அறிக்கையும். சில நகரங்களில் முதலில் நீங்கள் செலவழித்து ரசீது காட்டினால்தான் பணமே வரும். பத்துப் பேர் விண்ணப்பித்து, பத்துப் பேருக்கும் எல்லாத் தகுதியும் இருந்து, மூவருக்கு மட்டும் கிடைப்பது இங்கே சாதாரணம்.

இப்போது மானியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய தமிழில் மானியம் என்றதும் மனத்தில் வருவது உர மானியம், எரிவாயு மானியம். விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்கிறது. தகுதிப் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் அது உண்டு. யாரும் மதிப்பெண் போடுவதில்லை. வாங்கிய உரத்தை எப்படிப் போட்டீர்கள் என்று ஆண்டு முடிவில் அறிக்கை கேட்பதில்லை. கேட்டுப் பெறும் உரிமை அது. கிராண்டோ போட்டியில் வென்று, இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கி, சொன்னதைச் செய்துகாட்ட வேண்டிய பணம். இரண்டும் அரசுக் கருவூலத்திலிருந்து வருகின்றன என்பது ஒன்றே ஒற்றுமை. அந்த ஒற்றுமையை வைத்து ஒரே பெயர் சூட்டுவதானால் சம்பளத்தையும் மானியம் என்று சொல்லிவிடலாம்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. நாட்டியம் கற்றுத்தரும் ஓர் அம்மையார் இப்படிப்பட்ட நகரத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல், என்னிடம் வருத்தப்பட்டார். “கையேட்டில் சொன்ன தகுதி எல்லாமே எனக்கு இருக்கிறது. மானியம் என்றால் தகுதி இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதானே? ஏன் மறுத்தார்கள்?” என்று கேட்டார். அவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். பதிவுச் சான்று, வரிவிலக்குச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. என்ன நிகழ்ச்சி செய்யப்போகிறார் என்ற பகுதியில் இரண்டே வரி. ரேஷன் அட்டைக்கு எழுதிப்போடுவதுபோல எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

மெய்ப்புக்கு வந்த கையேட்டிலேயே இன்னொரு வாக்கியமும் இருந்தது: ‘மானியம் பெறும் குழுக்கள் மாணவர்களுக்கு மானிய விலையில் டிக்கெட் வழங்கலாம்.’ முதல் மானியம் நகரம் குழுவுக்குக் கொடுப்பது. இரண்டாவது, குழு பார்வையாளருக்காக விலையைக் குறைப்பது. மூலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள். தமிழில் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியாகிவிட்டது. இரண்டாவது இடத்தில் மானியம் மிகச் சரியான சொல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனிடம் எனக்குப் பகை எதுவும் இல்லை; அது தன் வீட்டில் இருக்கட்டும்.

வடசொல் என்பதால் எதிர்க்கிறேன் என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில். மானியம் வடமொழி வழியாக வந்தது உண்மைதான். ‘மதிக்கத்தக்கது’ என்பது அதன் அடிப்பொருள். வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அதை இனி வெளியே அனுப்ப முயல்வது வீண்வேலை. தூய்மைக்காக நான் இதை எழுதவில்லை. தெளிவுக்காக எழுதுகிறேன். தூய்மையும் கூட வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

மானியத்தின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. நண்பர் ஒருவர், கல்வெட்டுகளில் தோய்ந்தவர், அதை எடுத்து வீசினார். “மானியம் என்பது முதலில் வரியில்லாமல் விடப்பட்ட நிலம். கோயிலில் ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் கொட்டியவர்களுக்கும் விட்ட நிலம். கலைக்குக் கொடுத்ததற்கே உரிய சொல்லை நீ கலையிலிருந்தே பிரிக்கப் பார்க்கிறாயே” என்றார். ஒரு வாரம் இது என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகுதான் தோன்றியது: நண்பர் என் வழக்கைத்தான் வலுப்படுத்தியிருக்கிறார். அந்த நிலக்கொடை எப்படிப்பட்டது? கோயிலில் சாக்கைக் கூத்து என்ற பழைய ஆட்டத்தை ஆடுபவருக்குக் கொடுத்த நிலத்துக்குச் சாக்கைக்காணி என்று பெயர். காணி என்றாலே வழிவழியாக வரும் நில உரிமை. ஆடுபவருக்குப் பின் அவர் மகன், அவருக்குப் பின் அவர் மகன். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், அதாவது கோயில் ஆடல்மகளிருக்கும், வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் பங்கும் கிடைத்தன என்கிறது கல்வெட்டு. கல்வெட்டுக்காரர் போட்ட சொல் ‘பங்கு’ என்பதை நண்பருக்கு நினைவூட்டினேன். எந்தப் பெயரில் இருந்தாலும் அது பணிக்குக் கட்டிய நிலையான வாழ்வூதியம். அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. நகர ஆணையம் கொடுப்பதோ ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. ஜூன் மாதத்தில் கணக்கு முடிந்தால் உறவும் முடிந்தது. வழிவழிக் காணியின் வாசம் வீசும் சொல்லை இதற்குச் சூட்டினால், ஒருமுறை வாங்கிய குழு ‘எங்கள் மானியத்தை நிறுத்திவிட்டார்கள்’ என்று அடுத்த ஆண்டு கொடிபிடிக்கும். பிடித்தும் இருக்கிறார்கள்.

இப்படி மானியமாக விட்ட நிலங்களின் உரிமையைத் தோண்டித் துருவ 1858இல் சென்னை மாகாணத்தில் அமர்ந்த அமைப்புக்கு இனாம் கமிஷன் என்று பெயர். கலை ஆணையத்துக்கும் ஆங்கிலத்தில் கமிஷன் என்றுதான் பெயர். மானியமும் கமிஷனும் இன்று ஒரே கையேட்டில் மறுபடி சந்தித்திருப்பதைக் கண்டு சிரித்துக்கொண்டேன்.

பல்கலைக்கழக மானியக் குழு என்ற பெயர் ஊன்றிவிட்டதே என்பார்கள். ஊன்றியது மெய். 1950களில் அமைந்த நிறுவனத்துக்கு அன்று கைக்கு எட்டிய சொல்லைப் போட்டார்கள். ஆனால் தமிழ்த்துறை ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் புரட்டினால் ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ என்று எழுதியவர்களையும் பார்க்கலாம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை என்பதும் அப்படி நிலைத்த தொடர். ஊன்றிய மரங்களை வெட்டச் சொல்லவில்லை. புதிய கன்றையும் அதே குழியில் நட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நல்கைக்கு வருகிறேன். நல்கு என்பது கொடு என்ற அளவில் நிற்கும் வினை இல்லை; அன்போடும் விருப்பத்தோடும் கொடுப்பதைச் சொல்வது. ‘நசை பெரிது உடையர் நல்கலும் நல்குவர்’ என்று குறுந்தொகை 37ஆம் பாடலில் தோழி தலைவிக்குச் சொல்கிறாள். பிரிந்துபோனவர் உன்மேல் ஆசை மிக உடையவர், அருளவும் செய்வார் என்பது பொருள். கொடுப்பவரின் மனம் கலந்த கொடை. பெறுபவர் நம்பிக் காத்திருக்கிறார். மேலே நினைவில் வைக்கச் சொன்ன ‘நம்பி’ இங்கே வந்து உட்காருகிறது. கலைஞரை நம்பி, இந்த வேலையைச் செய்வார் என்று கொடுப்பது நல்கை.

‘யாருக்குப் புரியும்?’ என்ற கேள்வி உடனே வரும். கூட்ட அழைப்பிதழ்களில் ‘ஆதரவு நல்குமாறு வேண்டுகிறோம்’ என்று அச்சடித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அங்கே புரிந்தது இங்கே ஏன் புரியாமல் போகும்? இன்னொரு வசதி, சொல் பெருகும்: நல்குநர், நல்கை பெறுநர், நல்கை ஒப்பந்தம், நல்கை அறிக்கை. இரு தரப்பும் பணம் போடும் வகைக்கு ‘இணைப்பங்கு நல்கை’ என்று எழுதினேன். அமெரிக்கக் கூட்டரசின் தேசியக் கலை நிதியம், 1965இல் அமைந்தது, அமைப்புகளிடம் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்று கேட்பது இந்த இணைப்பங்கைத்தான்.

நல்கையோடு நல்குரவு நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் முகம் சுளித்தார். நல்குரவு என்றால் வறுமை. திருக்குறளில் 105ஆம் அதிகாரமே அதுதான். கலைக்குழு நடத்திப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே முறை என்பார்கள்.

நிதியுதவி என்று எழுதலாமே என்பவர்களிடம் அதிகம் வாதாட மாட்டேன். தவறில்லை, ஆனால் வெள்ள நிவாரணத்துக்கும் அதே சொல். நன்கொடை என்பது கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் போவது. உதவித்தொகை மாணவருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து நெரிக்கிறார்கள்.

நல்கையே ஆகாத இடத்திலும் மானியத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பது அதைவிடக் கொடுமை. நகரம் கட்டும் கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு கலைக்கு என்று சட்டம் செய்வது அமெரிக்காவில் பழைய வழக்கம். ஃபிலடெல்ஃபியா 1959இல் தொடங்கியது. சியாட்டில் 1973இல் ஒரு விழுக்காடு ஒதுக்கியது. சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு விழுக்காடு. இந்தப் பணத்தில் நகரம் சிற்பியிடம் சிலை செய்யச் சொல்லி, கூலி கொடுத்து, சிலையைத் தன் உடைமையாக்கிக்கொள்கிறது. இது கொடையே இல்லை, கொள்முதல். ஆங்கிலத்தில் இப்படிச் செய்யச் சொல்வதற்கும் கமிஷன் என்றே பெயர். கையேட்டுக்காரர் அதைத் ‘தரகு’ என்று ஆக்கியிருந்தார். ‘சிற்பிக்கு ஆணையம் தரகு வழங்கும்’! ‘சிற்பியிடம் ஆணையம் வேலையை ஒப்படைக்கும்’ என்று மாற்றினேன். எளிய தமிழில் சொல்லிவிட்டால் எந்தப் புதுச்சொல்லும் வேண்டியதில்லை என்பது நம்மவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. சொல்லுக்குச் சொல் வைத்து எண்ணிக் கொடுத்தால்தான் கூலி என்று யாரோ சொல்லிவைத்தார்கள் போலும்.

பதினொரு இடத்திலும் இணைப்பங்கு நல்கை என்று திருத்தி, கையேட்டைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. தரகை நீக்கியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: ‘நல்கை என்பது புதிதாக இருக்கிறது. பக்கத்தின் அடியில் போட ஒரு வரியில் விளக்கம் தர முடியுமா?’ ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன்.